ஜூஹூவில் காலில் இடறியது என்ன? மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சயான், தாராவி, செம்பூர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போய்விட்டு வந்தால், ராத்திரி சாப்பாட்டுக்குள் என் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்து விழும். கீழே ஒரே வரி: "அண்ணே, இது என்ன?" நான் கடல் உயிரியல் படித்தவன் இல்லை. கணக்கு எழுதுகிற வேலை. பத்து வருஷமாக ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் நேரம், பார்த்துக் கடற்கரையில் நடப்பவன், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்தால் எனக்கும் தூங்க நேரம் கிடைக்கும் என்று இதை எழுதுகிறேன்.

மும்பைக் கடலில் சாக்கடையும் பிளாஸ்டிக்கும்தானே இருக்கிறது? பார்க்க என்ன இருக்கிறது?

சாக்கடை உண்டு, பிளாஸ்டிக் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மெரினாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று இங்கே உண்டு. சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவில்தான். மும்பையில் பெரிய ஓத நாட்களில் அது ஐந்து மீட்டரைத் தொடும். ஒரு மாடிக் கட்டடத்தைவிட அதிகம். மத்தியானம் அலை அடித்த இடம் சாயங்காலம் வெறும் சேறும் பாறையுமாகக் கிடக்கும். கடலின் தரையிலேயே நடந்து போகலாம். ஹாஜி அலி பக்கத்துப் பாறைக் குட்டைகளில் ஆக்டோபஸ் இருக்கிறது, கடல் சாமந்தி இருக்கிறது, பவளம்கூட இருக்கிறது. 2020-ல் கடற்கரைச் சாலை வேலைக்காக ஹாஜி அலி, வோர்லி பக்கத்திலிருந்து பவளத்தைப் பெயர்த்து வேறு இடத்துக்கு மாற்றினார்கள் என்று செய்தி வந்தபோதுதான் பல பேருக்கு அங்கே பவளம் இருந்ததே தெரிந்தது.

எப்போது போனால் நிறையக் கிடைக்கும்?

அமாவாசை, பௌர்ணமி, அதையொட்டிய இரண்டு மூன்று நாட்கள். நாள்காட்டியைக் கிழிக்கும்போதே பார்த்து வைத்துவிடலாம். அந்த நாட்களில் மும்பையில் கடல் முழுதாக ஏறுவது நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி. ஆகவே முழுதாக வடிவது விடியற்காலையும் அந்திப் பொழுதும். அலுவலகம் போகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. அடுத்தடுத்த நாட்களில் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். மராத்தியில் ஏற்றத்தை பர்தி என்றும் வற்றத்தை ஓஹோட்டி என்றும் சொல்வார்கள். இந்த ஊர் மீனவச் சமூகமான கோலிகளிடம் இந்த இரண்டு சொல்லைச் சொன்னால் போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கடல் அடிமட்டத்துக்கு இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், இறங்குகிற தண்ணீரோடு கூடவே நடங்கள். தண்ணீர் திரும்ப ஆரம்பித்ததும் நீங்களும் திரும்பிவிடுங்கள். பாறைப் பக்கம் மழைக்காலத்தில் போகவே வேண்டாம்.

எந்தக் கடற்கரை?

மணலுக்கு ஜூஹூ, கிர்காவ் சௌபாட்டி, அக்ஸா. பாறைக்கு ஹாஜி அலி, பாந்திரா. இரண்டிலும் கிடைப்பவை வேறு வேறு. பாறைக்குப் போனால் பிடிமானமுள்ள பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள்; ஹவாய் செருப்பு பாசியில் வழுக்கும்.

கையில் ஒன்று எடுத்தவுடன் முதலில் எதைப் பார்ப்பது?

உயிர் இருக்கிறதா என்று. பெயரெல்லாம் அப்புறம். சங்காக இருந்தால் வாயைத் திருப்பிப் பாருங்கள். வாயில் பழுப்பு நிறத்தில் ஒரு மூடி இறுக்கமாக அடைத்திருந்தால் வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார், கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். மூடிக்குப் பதில் சின்னக் கால்கள் மடங்கித் தெரிந்தால் அது வாடகைக்கு வந்த துறவி நண்டு. கிளிஞ்சலின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு திறக்க வரவில்லை என்றாலும் உயிரோடுதான் இருக்கிறது. இந்த மூன்றையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஜூஹூவில் கைப்பிடி அள்ளினால் பத்து வருகிற, சட்டைப் பொத்தான் அளவுள்ள பளபளப்பான சப்பைச் சங்குகளை இதே மாதிரி சோதிக்கலாம். பொத்தான் நத்தைகள் என்போம். ஒன்றின் கோடு மாதிரி இன்னொன்றில் இருக்காது. என் அண்ணன் மகள் அரை மணி நேரம் ஜோடி தேடித் தோற்றாள்.

ஈர மணலில் கடுகும் மிளகுமாகச் சின்ன உருண்டைகள், யாரோ கோலம் போட்டது மாதிரி. யார் போட்டது?

மிளகு அளவே இருக்கும் குட்டி நண்டுகள். தண்ணீர் இறங்கியதும் வளையை விட்டு வெளியே வந்து, மணலை வாயில் போட்டு அதிலுள்ள உணவுத் துகளை மட்டும் சலித்து எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை உருட்டி ஒதுக்கும். வளைக்கும் வெளிக்குமாகப் போய்ப் போய் வருவதால் உருண்டைகள் வரிசை வரிசையாக, நடுவில் பாதை விட்டு, நட்சத்திரம் மாதிரி விரியும். நீங்கள் நடந்தால் எல்லாம் மறைந்துவிடும். இரண்டு நிமிடம் அசையாமல் உட்காருங்கள், ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். அடுத்த ஏற்றத்தில் அலை எல்லாவற்றையும் அழித்துவிடும். மறுபடி வற்றியதும் புதுக் கோலம்.

கிழிந்த ரப்பர் வளையம் மாதிரி, மணல் நிறத்தில் ஒன்று. குப்பையா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் நானே பல வருஷம் அதைக் காலால் எற்றிவிட்டுப் போயிருக்கிறேன். ஏதோ பம்பு வாஷர் என்று நினைத்தேன். ஒருநாள் குனிந்து எடுத்தேன். சட்டைக் காலர் மாதிரி வளைந்து, ஒரு பக்கம் திறந்து, ஈரமாக இருந்ததால் ரப்பர் போலவே வளைந்தது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஊசி முனை அளவில் புள்ளி புள்ளியாக அடுக்கியிருந்தது. முட்டைகள்! நிலா நத்தை என்ற உருண்டைச் சங்கு, தன் கோழையில் மணலைக் குழைத்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை நடுவில் வைத்து, தன் ஓட்டைச் சுற்றி இப்படி ஒரு வளையம் பின்னுகிறது. குஞ்சு பொரித்ததும் வளையம் உதிர்ந்துவிடும். ஆகவே உதிராமல் முழுசாக, வளைகிற பதத்தில் கிடந்தால் உள்ளே இன்னும் குடித்தனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்துவிட்டால் தொட்டாலே பொடிப்பொடியாகும்.

கிளிஞ்சலில் டிரில் போட்ட மாதிரி வட்டமான ஓட்டை எப்படி?

அதே நிலா நத்தையின் வேலைதான். மணலுக்கடியில் கிளிஞ்சலைக் கட்டிப்பிடித்து, அமிலம் சுரந்து அதன் மேலோட்டை இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டிச் சுரண்டித் துளை போட்டு, உள்ளிருக்கும் சதையைத் தின்னும். துளையை உற்றுப் பாருங்கள்: வெளிப்பக்கம் அகலமாக, உள்ளே போகப் போகக் குறுகி, கிண்ணம் மாதிரி சரிந்திருந்தால் நிலா நத்தை. பக்கங்கள் நேராக இறங்கினால் முள் சங்கு வகையாக இருக்கும். குழந்தைகள் நூல் கோத்து மாலை போடுகிற கிளிஞ்சல்கள் பெரும்பாலும் இப்படிக் கொலையுண்டவை.

மணலிலிருந்து சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது, மேலெல்லாம் சிப்பித் துண்டு ஒட்டியிருக்கிறது?

புழுவின் வீடு. காகிதம் போன்ற குழாயைத் தானே சுரந்து, வாசலில் மட்டும் சிப்பித் துண்டு, பாசி, இப்போதெல்லாம் பிளாஸ்டிக் நூல்கூட ஒட்டி அலங்காரம் செய்துகொள்ளும். ஜூஹூவில் நான் பார்த்த ஒரு குழாயில் ஊதா நிறத்தில் ஒரு சாக்லேட் தாள் நடுவில் இருந்தது. பிடுங்காதீர்கள், குழாய் ஆழமாக இறங்கும், உங்கள் கையில் வருவது வாசல் மட்டும்தான்.

வெள்ளையாக, லேசாக, படகு வடிவத்தில் ஒரு துண்டு. தெர்மாகோலா?

கணவாயின் முதுகு ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது இதுதான். நுரை காய்ந்து கெட்டியானது என்று என் ஆச்சி சொல்வாள், அப்படியில்லை. கணவாய் தன் உடம்புக்குள் வைத்திருக்கும் மிதவை இது. நுண்ணிய அறைகளில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்து மேலே கீழே போகும். நகத்தால் கீறினால் ஒரு பக்கம் மாவாக உதிரும். வீட்டில் லவ்பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டில் மாட்டுவதும் இதைத்தான்.

மழைக்காலத்தில் நீல நிறத்தில் பலூன் மாதிரி கிடக்கிறதே, தொடலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

ஆங்கிலத்தில் புளூ பாட்டில் என்பார்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) மாதிரி தெரிந்தாலும் அந்த இனம் இல்லை. பல உயிர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்கிற கூட்டுக் குடும்பம். காற்று நிரம்பிய நீலப் பை மேலே, கீழே பாசிமணி கோத்தது போன்ற நீல இழைகள். இழை சில மீட்டர் நீளம்கூடப் போகும், அதனால் பை இருக்கும் இடத்திலிருந்து தள்ளித்தானே நிற்கிறோம் என்று நினைக்க வேண்டாம். செத்துக் காய்ந்து கிடந்தாலும் கொட்டும். தென்மேற்குக் காற்று கரையை நோக்கித் தள்ளுவதால் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் ஒதுங்கும். 2018 ஆகஸ்ட்டில் ஜூஹூவில் பல பேர் கொட்டு வாங்கினார்கள்.

பட்டுவிட்டால்: தேய்க்காதீர்கள். மணல் போட்டுத் தேய்ப்பது, துண்டால் துடைப்பது எல்லாம் மிச்சமிருக்கும் கொட்டும் செல்களை வெடிக்க வைக்கும். கடல் நீரையே ஊற்றிக் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள். சிறுநீர் ஊற்றும் வைத்தியம் வேண்டாம். மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ, குழந்தைக்கு நிறைய இடத்தில் பட்டிருந்தாலோ நேராக ஆஸ்பத்திரி.

இதோடு வட்டமாக, ஒரு ரூபாய்க் காசைச் சுற்றி நீலக் குஞ்சம் கட்டியது மாதிரியும் ஒன்று ஒதுங்கும். அது வேறு உயிர், நீலப் பொத்தான். அவ்வளவு வலிக்காது, இருந்தாலும் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

தண்ணீருக்குள் இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: திருக்கை மணலில் புதைந்து படுத்திருக்கும். 2013-ல் கிர்காவில் கணபதி கரைக்கப் போன கூட்டத்தில் நிறைய பேரைக் குத்தியது. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவே ஒதுங்கிப் போய்விடும்.

இங்கே வலம்புரிச் சங்கு கிடைக்குமா?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தக் கேள்வி நிச்சயம். நம் பால் சங்கும் ஊதும் சங்கும் தூத்துக்குடி, மன்னார் வளைகுடாப் பக்கத்தில் காலங்காலமாக முத்துக்குளிக்கிறவர்கள் மூழ்கி எடுத்தவை. அதில் வலம்புரி என்பது எங்கோ ஒன்று. ஜூஹூ மணலில் அது உங்களுக்காகக் காத்திருக்காது.

மும்பையில் பூஜைப் பொருள் விற்பவர்கள் "அசல் வலம்புரி" என்று நீட்டினால் உள்ளே எட்டிப் பாருங்கள். சங்கின் வாய்க்குள், நடுத்தண்டில் மூன்று நான்கு வரப்பு தெளிவாகத் தெரிந்தால் நம் சங்கு இனம். வரப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கக் கரையில் பிறவியிலேயே அந்தப் பக்கமாகச் சுற்றுகிற வேறு ஒரு சங்கு. அங்கே அது சாதாரணம், இங்கே வந்ததும் விலை ஏறிவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு மாமா அப்படி ஒன்றை நல்ல விலைக்கு வாங்கிப் பட்டுத்துணியில் வைத்திருக்கிறார். நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

கூம்பு வடிவில் அழகான சங்கு?

ஐஸ்கிரீம் கோன் மாதிரி இருந்து, உள்ளே உயிரும் இருந்தால் எடுக்காதீர்கள். கூம்பு நத்தை விஷ அம்பு எய்யும். காலி ஓடு ஒன்றும் செய்யாது.

பாம்பு ஒதுங்கிக் கிடந்தது. செத்த மாதிரிதான் இருந்தது?

வாலைப் பாருங்கள், தூரத்திலிருந்தே. துடுப்பு மாதிரி தட்டையாக இருந்தால் கடல் பாம்பு, விஷமுள்ளது. வலையில் சிக்கிச் சோர்ந்து கிடப்பது செத்தது போலவே இருக்கும். குச்சியால் குத்திப் பார்க்கும் ஆசாமி கூட்டத்தில் ஒருவர் எப்போதும் இருப்பார், அவரைத் தடுங்கள்.

கருப்பாக, பிசுபிசுப்பாக உருண்டை. அம்பர் என்று ஒருவர் சொன்னார், கோடிக்கணக்கில் போகுமாமே?

மழைக்காலத்தில் ஜூஹூ, வெர்சோவாவில் காலில் ஒட்டும் கருப்பு உருண்டை தார். கடலில் கசிந்த கச்சா எண்ணெய் அலையில் உருண்டு திரண்டு வருவது. தேங்காய் எண்ணெய் தடவினால் கழன்றுவிடும், செருப்பு மட்டும் போனது போனதுதான்.

அம்பர் வேறு கதை. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில், அது தின்ற கணவாயின் அலகு செரிக்காமல் நின்று, அதைச் சுற்றித் திரளும் மெழுகு போன்ற பொருள். வாந்தி என்று செய்தியில் போட்டாலும் பிறப்பது குடலில். எனக்கு வந்த "அம்பர்" படங்களில் ஒன்று மெழுகுவர்த்திக் கட்டி, இரண்டு சமையல் கொழுப்பு, ஒன்று சோப்பு. உண்மையிலேயே அம்பராக இருந்தாலும் இந்தியாவில் வைத்திருப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விற்கப் போய்ப் பிடிபட்டவர்கள் செய்தி மும்பைப் பேப்பரில் அடிக்கடி வரும். கோடியை மறந்துவிடுங்கள்.

கொட்டை, விதை மாதிரி நிறைய ஒதுங்குகிறதே?

சாம்பல் நிறத்தில் கோலிகுண்டு மாதிரி கெட்டியாக இருந்தால் கழற்சிக்காய். சங்கப் பாட்டில் பெண்கள் மணலில் கழங்கு ஆடுவார்களே, அந்தக் கழங்கு. உள்ளே வெற்றிடம் இருப்பதால் மிதந்து எங்கேயும் போகும். மராத்தியில் இதற்கு சாகர்கோட்டா என்று பெயர், இங்கேயும் பெண்பிள்ளைகள் தூக்கிப்போட்டு ஆடியதுதான். என் பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டியும் என் அம்மாவும் மொழி தெரியாமலேயே ஒரு மத்தியானம் முழுக்க இதை வைத்து ஆடினார்கள்.

முருங்கைக்காய்த் துண்டு போல நீண்டு, ஒரு முனை கூராக இருந்தால் சுரபுன்னை. மரத்திலேயே முளைத்து விழுகிற அலையாத்தி. தேங்காய் நிறையக் கிடந்தால் ஆவணி அவிட்டத்தை ஒட்டிய நாட்களாக இருக்கும். அந்தப் பௌர்ணமியில் கோலிகள் நாரளி பூர்ணிமா கொண்டாடிக் கடலுக்குத் தேங்காய் விடுவார்கள்.

கருங்கல்லில் வெள்ளைப் புள்ளி பதித்த மாதிரி. புதைபடிவமா?

இல்லை. மும்பையின் கருங்கல் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு. ஆறும்போது உள்ளே மாட்டிய காற்றுக் குமிழிகளில் பின்னால் வெள்ளைக் கனிமங்கள் படிந்தன. ரவா லட்டில் முந்திரி மாதிரி.

எதை வீட்டுக்கு எடுத்து வரலாம்?

பவளம், கடல் குதிரை, கடல் அட்டை, சில பெரிய சங்கு வகைகள் எல்லாம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. செத்துக் காய்ந்து கிடந்தாலும் தொட வேண்டாம். சாதாரண காலிக் கிளிஞ்சல் ஒன்றிரண்டு எடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். மூட்டை கட்டுவதைச் சொல்வேன். நீங்கள் எடுக்கிற காலிச் சங்குதான் அடுத்த துறவி நண்டின் வீடு. இல்லையென்றால் அது பிளாஸ்டிக் மூடியைச் சுமந்து திரிகிறது.

ஆமையோ டால்ஃபினோ ஒதுங்கினால்?

தண்ணீருக்குள் தள்ளாதீர்கள், கூட்டம் சேர விடாதீர்கள். மகாராஷ்டிர வனத்துறையின் உதவி எண் 1926. வெர்சோவாவில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் 2015-ல் தொடங்கிக் குப்பை அள்ளிய கரையில், 2018 மார்ச்சில் சுமார் 80 ஆமைக்குஞ்சுகள் பொரித்துக் கடலுக்கு நடந்தன. அந்த இனத்துக்கு நம் ஊர்ப் பெயர் பங்குனி ஆமை. குஞ்சுகள் வந்ததும் பங்குனியில்தான்.

உங்களுக்குப் படம் அனுப்பும்போது எப்படி எடுக்க வேண்டும்?

பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் காசு வையுங்கள், அளவு தெரியும். மேலே ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, கிடந்த இடத்தோடு சேர்த்து ஒன்று. கடற்கரைப் பெயர், தேதி. என்னைவிடத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுங்கள். 2017-லிருந்து மரைன் லைஃப் ஆஃப் மும்பை என்ற குழு ஓதம் வற்றும் நேரங்களில் பொதுமக்களைக் கரையில் நடத்திக் காட்டுகிறது. ஒருமுறை போனால் கண் திறந்துவிடும்.

பையன் பாக்கெட்டில் போட்டு வந்த சங்கு நடக்கிறது. இப்போது என்ன செய்வது?

குழாய்த் தண்ணீரில் போடாதீர்கள், செத்துவிடும். கடல் நீர் இருந்தால் அதில் நனைத்த துணியில் சுற்றி, சீக்கிரமாகக் கடலில் கொண்டுபோய் விடுங்கள். எங்கள் வீட்டில் இது ராத்திரி பதினோரு மணிக்கு, பாத்ரூம் ஓரத்தில் தெரிந்தது. அக்கா மகன் ஒப்புக்கொள்ளவே இல்லை, "செத்த சங்கு மாமா, நான் பார்த்துத்தான் எடுத்தேன்" என்றான். டாக்சி பிடித்து தாதர் சௌபாட்டி போனோம். உள்ளங்கையை மணலில் வைத்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு கால் வந்தது, இரண்டு கண் வந்தது, வீட்டை இழுத்துக்கொண்டு இருட்டுக்குள் போய்விட்டது. டாக்சிக்காரர் மீட்டரை நிறுத்தாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.